மேல்வூட்டுக்காரர் பின்லாந்தில் இருக்கிறார்

நான் முதன்முதலில் மகேஸ்வரியைப் பார்த்த அன்று அவள் வீட்டுக்காரர் உலகத்தில் 1,912-ஆவது ஆளாக இருந்தார். எதில் என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் திங்கட்கிழமைக் காலை ஒன்றுகூட எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

நான் களமருதூர்க்காரி. பெயர் சுபஸ்ரீ, வேலை கிராம சுகாதார செவிலியர். நெல்வயல் வரப்பில் நடந்து பழகிய என்னைக் கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மலைக் குடியிருப்புக்கு மாற்றிப் போட்டார்கள். அங்கே மாத்திரை வந்தது, ஊசி வந்தது, எடை பார்க்கும் மெஷின் வந்தது. செல்போன் டவர் மட்டும் வரவில்லை. ஆனால் எத்தனை கர்ப்பிணி, யாருக்கு ரத்தம் கம்மி என்று வாராவாரம் போனில் ஏற்றியாக வேண்டும். அதற்கு ஒரே இடம் ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறை. டவர் பாறை என்றுதான் அதற்குப் பெயர். மூச்சு வாங்க ஏறிப் போனால், அங்கே ஏற்கெனவே ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“டவர் கிடைக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“கிடைக்குதுங்க. நீங்கதான் புது நர்சம்மாவா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க போனு என் டவரையும் சேத்து இழுத்துக்கும்.”

“அப்படி இன்னா பாக்கற?”

“எங்க வூட்டுக்காரரு இந்த வாரம் எத்தினியாவது எடத்துல இருக்காருன்னு பாக்கறேங்க.”

ஏதோ ரேஷன் வரிசை, ஆஸ்பத்திரி வரிசை என்று நினைத்தேன். போனைத் திருப்பிக் காட்டினாள். கோல்ஃப் ஆடுகிறவர்களின் உலகத் தரவரிசை. நாடு, பெயர், புள்ளி என்று நீளமாக இறங்கிக்கொண்டே போனது. அதில் ஓர் இடத்தில், இந்தியக் கொடிக்குப் பக்கத்தில், ‘சின்னப்பையன்’ என்று இங்கிலீஷில் இருந்தது.

எனக்கு விளையாட்டு என்றாலே எரிச்சல். அதிலும் இது பந்தை ஒரு குச்சியால் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே மைல் கணக்கில் நடக்கிற விளையாட்டு. நானும்தான் தினமும் மைல் கணக்கில் நடக்கிறேன், முதுகில் தடுப்பூசிப் பெட்டி வேறு. எனக்கு எவனும் ரேங்க் கொடுக்கவில்லை. இதை அவளிடமே சொன்னேன். “குடுக்கணுங்க,” என்றாள் கொஞ்சமும் சிரிக்காமல்.

சின்னப்பையன் பதினேழு வயதில் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. அப்புறம் ஆடுகிறவர்களுக்கு மட்டைப் பை தூக்கினார். பதினோரு வருஷம் அடுத்தவன் பையைத் தூக்கிக்கொண்டே, அடுத்தவன் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் எல்லாரும் போனபிறகு தானும் அடித்துப் பழகினார். பரீட்சை மாதிரி ஒன்று வைப்பார்களாம், அதில் மூன்றாம் தடவை தேறித் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். மகேஸ்வரி இங்கே சாமையும் மரவள்ளியும் போட்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அவருக்கு ரேங்க் கொடுத்தது ஒரே ஒரு பெரிய போட்டி. நான் மலைக்கு வருவதற்கு நாலு மாசம் முன்னால், பிப்ரவரியில், பெங்களூரில் நடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மகேஸ்வரியும் போயிருந்தாள். யாராவது அடிக்கும்போது மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாது என்று சின்னப்பையன் சொல்லித்தான் கூட்டிப் போயிருக்கிறார். அவளும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் நின்றாள். சின்னப்பையனோடு சேர்ந்து ஆடிய பின்லாந்துக்காரர் ஒருவர், யான்னே என்று பெயர், அடிக்க மட்டையை ஓங்கினார். அதே நேரத்தில் ஒரு மயில் ஆடி அசைந்து வந்து, புல்லில் கிடந்த சின்னப்பையனின் பந்துப் பக்கம் கழுத்தை நீட்டியது.

மலையில் பிறந்து காட்டுக்குக் காவல் இருந்தவளுக்கு, மயில் கழுத்தை நீட்டினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “ஓஓஓ ஹேஏஏய்!” என்று ஒரு சத்தம் போட்டாள். நாலு மேடு தள்ளி இருக்கும் காட்டுப்பன்றியே ஓட்டம் எடுக்கும் சத்தம் அது. மயில் பறந்துவிட்டது. பின்லாந்துக்காரரின் பந்தும் பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது.

“பூமி ரெண்டாப் பொளந்து நான் உள்ள போயிடக் கூடாதான்னு இருந்துச்சுங்க,” என்று அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வாள். “அந்தத் தம்பி என்னியப் பாத்தாரு, மயிலப் பாத்தாரு. அப்புறம் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கறாருங்க!”

நாலு நாள் முடிவில் யான்னேயும் சின்னப்பையனும் ஒரே கணக்கில் முடித்தார்கள். புள்ளியும் ஒன்றுதான். யான்னேவுக்கு வேறெங்கோ கொஞ்சம் சில்லறைப் புள்ளி இருந்ததால் பட்டியலில் சரியாக ஒரு படி மேலே நின்றார். அன்றிலிருந்து அவர் மகேஸ்வரிக்கு ‘மேல்வூட்டுத் தம்பி’ ஆகிவிட்டார்.

இந்த மலையில் வீடுகள் சரிவில் இருக்கும். நமக்கு மேலே இருப்பது மேல்வூடு, கீழே இருப்பது கீழ்வூடு. அந்த உறவு எப்படிப்பட்டது என்று நான் காய்ச்சலில் விழுந்து தெரிந்துகொண்டேன். மூன்று நாள் நான் வெளியே வரவில்லை. நான் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு மேல்வூடு மகேஸ்வரியுடையது. நாலாம் நாள் காலை ஒரு பிடி சாமையோடு வந்து வாசலில் நின்றாள்.

“வூட்ல இன்னா?”

“காய்ச்சல்மா. இப்ப பரவால்ல,” என்று சொல்லிச் சாமையைக் கையில் வாங்கினேன். பாவம், கஞ்சிக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக் கஞ்சி வைத்துக் குடித்தும்விட்டேன். மறுநாள் விடியற்காலையில் களைக்கொத்தோடு வந்து நின்று, “கிளம்புங்க நர்சம்மா, காட்டுக்குப் போவலாம்,” என்றாள். அப்போதுதான் முறை புரிந்தது. ஒருவர் மூன்று நாள் காட்டில் தலைகாட்டவில்லை என்றால், மேல்வூடோ கீழ்வூடோ ஒரு பிடி விதையோடு போய்க் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்தால் பகை என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் வாசலுக்கு வந்து உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். விதையைக் கையில் வாங்கிவிட்டால், நடக்க முடிகிற முதல் நாளில் காட்டில் இறங்கியே ஆக வேண்டும். நான் விதையை வாங்கியதோடு நிற்காமல் தின்றும் தொலைத்திருந்தேன். அரைநாள் களை கொத்தினேன். இடுப்பு ஒரு வாரம் வலித்தது. அந்த ஊரில் நான் அந்நியம் இல்லை என்று ஆனதும் அந்த அரைநாளில்தான்.

அந்த வருஷம் டிசம்பர் வாக்கில், பாறையில் மகேஸ்வரி போனைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை போட்டி ஆடினார்கள் என்று ஒரு எண் இருக்கும். யான்னேயின் எண் பல மாசமாக ஏறவே இல்லை.

“மேல்வூட்டுத் தம்பி வெளிய வர்லீங்க. கேக்கணும்.”

“எங்க போய்க் கேக்கறது? பின்லாந்துக்கு எந்த பஸ்ஸு போவுது?”

“உங்க போன்ல கேளுங்க. கேக்காம வுட்டா நாம பகையாயிட்டோம்னு நெனச்சிக்குவாரு. ஏற்கெனவே அவரு பந்தக் குளத்துல தள்ளினவ நானு.”

உலகத் தரவரிசை என்பது ஊர் இல்லை, அதில் யாருக்கும் யாரும் பக்கத்து வீடு இல்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் மடியிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்து உள்ளங்கையில் விரித்து, “போட்டோ எடுங்க,” என்றாள். நான் கோலம் போட்டுப் படம் போடும் இன்ஸ்டாகிராமில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்து, முறை முழுவதையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, சாமைக் கையையும் அனுப்பினேன். பைத்தியக்காரி என்று நினைக்கப்போகிறார் என்று எனக்குக் காது சூடானது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. முதுகுத் தண்டில் ஆபரேஷன், ஏழு மாசம் படுக்கை. டாக்டரையும் அம்மாவையும் தவிர வாசலில் வந்து கேட்டது நீங்கள்தான் என்று எழுதியிருந்தார். “இது அந்த மயிலை விரட்டிய அம்மா அல்லவா? விதையைக் கையில் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லுங்கள். பனி உருகியதும் காட்டில் இறங்குகிறேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கலங்கியது. மகேஸ்வரி அலட்டிக்கொள்ளவே இல்லை. “முறை தெரிஞ்ச புள்ள,” என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி மே மாசம் இறங்கினார். அவர் நாட்டுப் பக்கத்துச் சின்னப் போட்டிகளில் ஆடி, பட்டியலில் மளமளவென்று ஏறினார். சிக்கல் எங்கள் பக்கம் வந்தது. சின்னப்பையனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. போன இடத்திலெல்லாம் இரண்டாம் நாளே வெளியே வந்தார். இரண்டு நாள் முடிந்ததும் யார் எத்தனை அடி அடித்தார்கள் என்று எண்ணி ஒரு கோடு போட்டு, அதிகம் அடித்த பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கோட்டைத் தாண்டினால்தான் புள்ளி. பழைய புள்ளியோ முதல் மூன்று மாசம்தான் முழுசாக இருக்கும். பிறகு வாராவாரம் தேய்ந்து, இரண்டு வருஷத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். இது என்ன அநியாயம் என்று நான் கொதித்தேன்.

“அநியாயம் இல்லீங்க. ரெண்டு வருசத்து வெதைய வெதச்சா மொளைக்குமா? புதுசா அறுத்தாத்தான் உண்டு,” என்றாள் மகேஸ்வரி.

2,300 ஆனது, 2,600 ஆனது, 2,841 ஆனது. பிப்ரவரி நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூர்ப் போட்டியின் புள்ளி செத்துவிட்டால் பட்டியலில் அவர் பெயரே இருக்காது. பெயர் போனால் மட்டையை வைத்துவிட்டு மலைக்கே வந்துவிடுவேன் என்று சின்னப்பையன் சொல்லியிருந்தார்.

“வரட்டுமே. வூட்டுக்காரரு வூட்ல இருந்தா உனக்கு நல்லதுதானே?” என்று கேட்டேன்.

அவள் என்னைக் கோபமாகவே பார்த்தாள். “கொரோனாவுல நாலு மாசம் வூட்ல இருந்தாருங்க. வேலையெல்லாம் செஞ்சாரு, நல்லாத்தான் பேசினாரு. ஆனா மனுசன் உள்ள இல்ல. பெங்களூர்ல புல்லு மேல நடந்து போறப்ப அந்த மூஞ்சிய நான் பாத்துட்டங்க. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி இல்ல. அந்தச் சந்தோசத்த வுட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல.”

கடைசிப் போட்டியில் ஒரே ஒரு அடியில் கோடு தவறியது.

அந்தத் திங்கட்கிழமை அவள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பெயர் இல்லை. போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு, “மரவள்ளி புடுங்கணும், வரேங்க,” என்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் சின்னப்பையன் வந்து இறங்கினார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான ஆள், வெயிலில் கருத்த முகம், வலது கையும் கருப்பு. இடது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே வெளுத்திருந்தது. மட்டை பிடிக்கும்போது அந்தக் கைக்கு மட்டும் உறை போடுவார்களாம். எனக்கு வணக்கம் சொன்னார், பையைப் பரணில் ஏற்றினார், மறுநாள் மரவள்ளிக் காட்டில் இறங்கினார். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். ஊர்ப் பெரியவர் சின்னராசு, “இனிமே ஆடித் திருவிழாவுக்கு ஆள் கம்மியில்ல,” என்றார். சின்னப்பையனும் சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான். மகேஸ்வரி சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பெயர் போய் மூன்று வாரம் ஆன திங்கட்கிழமை. பெயர் இல்லாவிட்டாலும் பழக்க தோஷம், மகேஸ்வரி பாறைக்கு வந்திருந்தாள். நான் என் கர்ப்பிணிக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் போன் சிணுங்கியது. யான்னே அனுப்பியிருந்தார். முதலில் ஒரு படம்: பின்னால் பனி, முன்னால் ஒரு சிவந்த உள்ளங்கை, அதில் ஒரு பிடி தானியம். சர்க்கரை நோயாளிகளுக்கு நான் சிபாரிசு செய்யும் அதே ஓட்ஸ்தான், உமியோடு இருந்தது. கீழே எழுதியிருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

“மூன்று வாரமாக என் கீழ்வீட்டுக்காரரைக் காணவில்லை. உங்கள் ஊரில் மூன்று நாள், பட்டியலுக்கு மூன்று வாரம் என்று நானாக வைத்துக்கொண்டேன். விதையை இப்படித்தான் பிடிக்க வேண்டுமா தெரியவில்லை. இது என் அண்ணன் வயலில் விளைந்தது. வீட்டில் என்ன?”

மகேஸ்வரி எழுந்த வேகத்தில் பாறையிலிருந்து உருண்டுவிடுவாளோ என்று பயந்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினாள். மூன்று கர்ப்பிணிகளின் கணக்கு பாதியில் நின்றது. நிற்கட்டும், குழந்தைகள் அதற்காகக் காத்திருக்கவா போகிறார்கள்.

சின்னப்பையன் வீட்டுக்குள் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார்.

“வாசலுக்கு வாய்யா,” என்றாள் மகேஸ்வரி. “மேல்வூட்டுக்காரரு வெதையோட வந்து நிக்கறாரு.”

அவர் குழம்பிப்போய் வெளியே வந்தார். நான் போனை நீட்டிப் படித்துக் காட்டினேன். படித்து முடித்த பிறகும் அவர் பனியையும் அந்தக் கையையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கேட்டாச்சுல்ல? காரணம் சொல்லு,” என்றாள் அவள்.

“தோளு வலின்னு எழுதுங்க நர்சம்மா,” என்றார் மெதுவாக. நான் எழுத ஆரம்பித்தேன். “இல்லீங்க, அத அடிச்சிடுங்க. வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்லக் கூடாது. தோளு தையிலயே சரியாயிடுச்சு. பயம்னு எழுதுங்க. இன்னொரு வாட்டி ஒரு அடியில போயிடுமோன்னு பயமா இருந்துச்சுன்னு எழுதுங்க.”

எழுதினேன்.

“இப்ப வெதைய வாங்கு,” என்றாள் மகேஸ்வரி. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. “வாங்கினா எறங்கணும். வாங்கலன்னா பகைன்னு சொல்லி அனுப்பு.”

சின்னப்பையன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெளுத்த இடது கையை விரித்து நீட்டினார். அதன்மேல் நான் போனை வைத்தேன். ஓட்ஸ் இருந்த படம் மேலே தெரிகிறபடி வைத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, மூன்று வாரத்தில் முதல்முறையாகக் கண்ணும் சேர்ந்து சிரிக்க, “பரண்ல இருந்து பைய எடுத்துக் குடு,” என்றார். மகேஸ்வரி அழுதாள், நானும் அழுதேன்.

ஏப்ரல் மாசம் ஒரு போட்டியில் இறங்கினார். இரண்டாம் நாள் கோட்டை நாலு அடி மிச்சம் வைத்துத் தாண்டினார். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் விழாமல் நின்று, முப்பத்தோராவதாக முடித்தார்.

திங்கட்கிழமை டவர் பாறையில் கால் வைக்க இடமில்லை. ஊரே ஏறியிருந்தது. ஒருத்தி பாயசத் தூக்கைக்கூடக் கொண்டுவந்துவிட்டாள். யாரும் போனை எடுக்கக் கூடாது, டவரை இழுத்துவிடும் என்று மகேஸ்வரி கட்டளை போட்டிருந்தாள். பட்டியல் திறந்தது. அவள் இழுத்தாள், இழுத்தாள், இரண்டாயிரம் போனது, மூவாயிரம் போனது.

“இருக்காரு!” என்று கத்தினாள். 3,107.

சின்னராசு நெற்றியைச் சுருக்கினார். “முன்ன ஆயிரத்துச் சொச்சம்தானே இருந்தாரு? இது கம்மியாச்சே.”

“உலகத்துல எத்தினி கோடிப் பேரு இருக்காங்க தெரியுமா?” என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். கோல்ஃபுக்காக நான் ஒரு பெரியவரிடம் சண்டை போடுவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்திருப்பேன். சின்னராசு பயந்துபோய்ப் பாயசத்தை வாங்கிக் குடித்தார். யான்னேவுக்குச் சேதி அனுப்பினேன். அவர் இப்போது ரொம்ப உயரத்தில், 1,480-இல் இருக்கிறார். ஆனாலும் மகேஸ்வரிக்கு மேல்வூட்டுத் தம்பி அவர்தான்.

கூட்டம் இறங்கிய பிறகு அவளும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சாவகாசமாகப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கீழ்வூட்ல யாருங்க இது?” என்றாள். பார்த்தேன். 3,108, ஒரு பராகுவேக்காரர்.

“எத்தினி நாளா ஆடலியாம்?”

தேடிப் பார்த்தேன். எட்டு மாசம்.

அவள் சொல்வதற்கு முன்பே நான் போன் கேமராவைத் திறந்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையிலேயே ஒரு பிடி சாமையை முடிந்துகொண்டுதான் மலையேறியிருந்தாள்.